ஓயாத அலைவும் திணிக்கப்பட்ட அலைவும்: மின்கட்டமைப்புக் கண்காணிப்பு முறைகள் குறித்த ஒரு திறனாய்வு

தொலைதூர உயரழுத்தத் தடங்களால் பிணைக்கப்பட்ட மின்னாக்கிகள் யாவும் ஒரே தாளத்தில் சுழல வேண்டியவை. இடையூறு நேரின், ஒரு வட்டாரத்து மின்னாக்கிகள் கூட்டாக மற்றொரு வட்டாரத்தனவற்றுக்கு எதிராக ஊசலாடுகின்றன. பெரும்பாலும் 1 ஹெர்ட்ஸுக்கும் குறைவான இவ்வலைவு, தணிப்பு போதுமானதாயின் சில நொடிகளில் அடங்கும், இல்லையேல் வளரும். 1996 ஆகஸ்ட் 10 அன்று வட அமெரிக்காவின் மேற்குக் கட்டமைப்பில் ஏறத்தாழ 0.25 ஹெர்ட்ஸ் அலைவு வளர்ந்து கட்டமைப்பையே துண்டாடியது. சுமார் 75 இலட்சம் நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். அந்நிகழ்வைக் கணினி மாதிரியில் மீட்டுருவாக்கியபோது, அலைவு அடங்கிவிடும் என்றே மாதிரி காட்டியது. அளவிடப்பட்ட குறிகையிலிருந்தே தணிப்பைக் கணிக்கும் ஆய்வுகள் பெருகியதற்கு இது முக்கியக் காரணம்.

அம்முறைகள் இருவகைப்படும். பிரெஞ்சுப் பொறியாளர் புரோனி 1795இல் வகுத்த கணிதத்தை ஜான் ஹாவர் முதலானோர் 1990இல் இத்துறைக்குக் கொணர்ந்தனர். பெரிய இடையூறுக்குப் பின் தேயும் குறிகைக்கு அது பொருந்தும், இரைச்சல் மிகின் தடுமாறும். பியர், ட்ரட்னவ்ஸ்கி முதலானோர் 1997இல் முன்வைத்த வகையோ இடையூறுக்குக் காத்திருப்பதில்லை. நுகர்வோரின் மின்சுமை இடைவிடாது தாறுமாறாக மாறுவதால் கட்டமைப்பில் எழும் நுண்ணிய நடுக்கத்திலிருந்தே அது தணிப்பைக் கணிக்கிறது.

இரண்டாம் வகையின் வலிமையும் வலுவின்மையும் ஒரே எடுகோளில் உள்ளன: கட்டமைப்பைத் தூண்டுவது ஒழுங்கற்ற இரைச்சலே என்பது அவ்வெடுகோள். பழுதுற்ற ஒரு கட்டுப்பாட்டுக் கருவியோ நீராவி அடைப்பிதழோ சீரான கால இடைவெளியில் ஆடத் தொடங்கினால் அது பொய்க்கிறது. திணிப்பு அலைவு தேய்வதில்லை. ஆகவே தணிப்பு சுழியை நெருங்கிவிட்டதாகக் கணிப்பு எச்சரிக்கும். ஊஞ்சல் நிற்கவில்லை என்பது மட்டும் தெரிந்தால், பின்னின்று தள்ளுபவர் உண்டா என்பது தெரிந்துவிடாது.

2019 சனவரி 11 அன்று ஃபுளோரிடாவிலுள்ள ஒரு மின்நிலையத்தில் மின்னழுத்த அளவீடு பழுதுற்றதால் நீராவிச் சுழலியின் கட்டுப்பாடு ஏறத்தாழ 200 மெகாவாட் அளவுக்கு அலைந்தது. 0.25 ஹெர்ட்ஸ் என்ற அவ்வலைவு கிழக்குக் கட்டமைப்பின் இயல்பு அதிர்வெண்ணுக்கு அண்மையில் இருந்தமையால் ஒத்ததிர்வுற்று, நியூ இங்கிலாந்து வரை சுமார் 18 நிமிடம் உணரப்பட்டது. 2005 நவம்பரில் ஆல்பர்ட்டாவில் எழுந்த ஏறத்தாழ 20 மெகாவாட் அலைவு, கலிஃபோர்னியா–ஆரிகன் தடத்தில் சுமார் 200 மெகாவாட்டாகப் பெருகியது. அலைவு மிகுதியாகத் தென்படும் இடமே தோற்றுவாய் எனக் கொள்ளுதல் எத்துணைப் பிழையானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இந்நிலையில், வெளிவரும் கட்டுரைகள் பல இரு வட்டாரமும் நான்கு மின்னாக்கிகளும் கொண்ட பழகிய மாதிரியில் ஒழுங்கற்ற இரைச்சலைச் சேர்த்து, தணிப்பின் பிழையைப் பதின்ம இலக்கங்களில் ஒப்பிட்டு முறைகளைத் தரவரிசைப்படுத்துகின்றன. முறையின் எடுகோளையே தேர்வுக்களத்திலும் அமைத்துவிட்டபின், அவ்வெடுகோள் பொய்க்கும் இடத்தை அக்களம் எவ்வாறு காட்டும்? சிங்ஹுவா பல்கலைக்கழகத்தார் முன்வைத்த ஆற்றல் பாய்வு முறை, அலைவின் ஆற்றல் எத்திசையிலிருந்து வருகிறது என வினவுகிறது. அதற்கும் குறைகள் உள. தடங்களின் மின்தடை அதன் முடிவைத் திரிக்கக்கூடும். எனினும் வினா சரியானது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. இயல்பு அலைவாயின் வட்டாரங்களுக்கிடையே பாயும் மின்திறனைக் குறைத்தல் வேண்டும். திணிப்பு அலைவாயின் தூண்டும் பொறியை விலக்குதல் வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினில் நண்பகல் 12:03க்கு ஏறத்தாழ 0.6 ஹெர்ட்ஸ் அலைவும், 12:19க்கு 0.2 ஹெர்ட்ஸ் அலைவும் எழுந்தன. முதலாவதன் தோற்றுவாய் ஐபீரியத் தீபகற்பத்திலுள்ள ஒரு மின்நிலையம் என்றே ஸ்பெயின் அரசின் அறிக்கை சுட்டியது. இயக்குநர்கள் ஏற்றுமதியைக் குறைத்தனர், தடங்களை இணைத்தனர், அலைவுகள் தணிந்தன. அதே நடவடிக்கைகள் மின்னழுத்தத்தை உயர்த்தின. 12:33க்கு மிகையழுத்தத்தால் மின்நிலையங்கள் தொடர்ச்சியாக விலகி, தீபகற்பம் இருளில் மூழ்கியது.