ஓடும் காரும் நகராத வாழ்வும்

நமது பங்கின் பாடற்குழு இளைஞர் ஒருவர், பயிற்சி முடிந்த ஓர் இரவில், தம் கைப்பேசியில் ஓர் ஆங்கிலப் பாடலை நமக்குக் கேட்கக் கொடுத்தார். பாடியவர் டிரேசி சாப்மன். பாடல் ‘ஃபாஸ்ட் கார்’. அப்பெயரை அதுவரை நாம் அறிந்திலோம். விரைந்தோடும் கார் என்னும் தலைப்பைக் கண்டதுமே, இது வெறும் இளமை ஆரவாரம் என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். அத்தீர்ப்பைத் திருத்தி எழுதவே இச்சிறு கட்டுரை.

ஆரவாரம் எங்கும் இல்லை. கிதாரில் சிறியதொரு சுரக்கோவை மீண்டும் மீண்டும் சுழல்கிறது. அதன்மேல் ஒரு பெண் தாழ்ந்த குரலில் தன் கதையைச் சொல்கிறாள். தந்தை குடிக்கு அடிமை; தாய் பிரிந்து சென்றுவிட்டாள்; தந்தையைப் பேண இவள் படிப்பை விட்டாள். கார் வைத்திருக்கும் ஒருவனோடு ஊரைவிட்டுப் போனால் வாழ்வு மலரும் என நம்பிப் போகிறாள். கடையில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள். பிள்ளைகள் பிறந்த பின்னும் அவனோ மதுக்கடையில் பொழுதைக் கழிக்கிறான். தந்தையின் வீட்டிலிருந்து தப்பியவள், மீண்டும் அதே வீட்டில்தான் வந்து சேர்ந்திருக்கிறாள்!

சுரக்கோவை மாறாதிருப்பதை முதலில் குறையென்றே எண்ணினோம். மறுமுறை கேட்கையில்தான் பொருள் விளங்கிற்று. கார் ஓடுகிறது; வாழ்வு நகரவில்லை. காரில் விரைந்த அந்த இனிய இரவை அவள் நினைக்கும்போதுதான் தாளக் கருவிகள் வீறுகொண்டு எழுகின்றன. நினைவு முடிந்ததும் அடங்கிவிடுகின்றன. அவள் கண்ட மகிழ்ச்சியின் அளவு அவ்வளவே.

1964இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்த சாப்மன், 1988இல் இப்பாடலை வெளியிட்டார். அவ்வாண்டு ஜூன் 11 அன்று, சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆம் பிறந்தநாளுக்காக இலண்டன் வெம்பிளி அரங்கில் நிகழ்ந்த இசைவிழாவில், ஸ்டீவி வொண்டரின் கருவிச் சிக்கலால் எழுந்த இடைவெளியை நிரப்ப, இவர் கிதாருடன் தனியே நின்று பாடினார், உலகம் கேட்டது. 2023இல் லூக் கோம்ப்ஸ் இதை மீண்டும் பாட, அமெரிக்க நாட்டுப்புற இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருது சாப்மனுக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் இவரே.

பாடலில் குறையும் உண்டு. அந்த ஆணுக்குக் குரலே இல்லை. அவன் ஏன் வீழ்ந்தான் என்பது நமக்குத் தெரியாமலே போகிறது. எனினும் அவள் எவரையும் பழிக்கவில்லை. தந்தையின் தளர்ந்த உடலுக்காக இரங்கியவள், இறுதியில் அவனிடம் காரை எடுத்துக்கொண்டு போய்விடச் சொல்லும்போதும் சினம் கொள்ளவில்லை.

இங்கேதான் நம் நெஞ்சு உறுத்தியது. குடிகாரக் கணவரால் வருந்தி நம்மிடம் வந்த எத்தனை பெண்களிடம், ‘பொறுத்துக்கொள் அம்மா’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்! இவளுக்குப் பொறுமையைக் கற்பிக்க நாம் யார்? பாடல் முழுவதும் அவள் செய்ததே அதுதானே!

“எப்படி, ஃபாதர்?” என்றார் இளைஞர். இன்னொருமுறை போடச் சொன்னோம். இனி அத்தகைய ஒருத்தி நம் அறைக்கு வந்தால், அறிவுரைக்கு முன் அவள் கதையை இறுதிவரை கேட்போம்.