மீனிடம் கேட்ட மன்னிப்பு

எர்னஸ்ட் ஹெமிங்வே 1952-இல் வெளியிட்ட ‘கடலும் கிழவனும்’ என்னும் குறுநாவலை விடாமுயற்சியின் காவியமாகவே நம்மில் பலர் கற்றிருக்கிறோம். 84 நாள்கள் மீனின்றித் திரும்பிய சாந்தியாகோ, அதன்பின்னும் கடலுக்குச் செல்கிறான் என்பதால் அப்பாராட்டு பொருத்தமானதே. ஆயினும் கதையின் உயிர்நாடியான மற்றோர் இடத்தை அவ்வாசிப்பு தவறவிடுகிறது. தான் கொன்ற மீனிடமே கிழவன் மன்னிப்புக் கேட்கிறான்.

தூண்டிலில் சிக்கிய மீனை அவன் உடன்பிறப்பாகக் கருதுகிறான். அதன் பசிக்கு இரங்குகிறான். அதனை உண்ணப்போகும் மனிதர் அதற்குத் தகுதியானவர்தாமா என ஐயுறுகிறான். எனினும் கயிற்றை விடவில்லை. இது போலி இரக்கமன்றோ என்று கேட்கத் தோன்றும். மீன்பிடித்து வாழ்பவன் மீனைக் கொல்வது குற்றமாகாது. ஆனால் உணவுக்காக மட்டுமன்றி, தன் பெருமைக்காகவும் கொன்றதாக அவனே தன்னுள் ஒப்புக்கொள்கிறான். சுறாக்கள் தசையைத் தின்று எலும்பை மட்டும் விட்டுவைத்தபோது, எல்லை கடந்து வெகுதொலைவு வந்ததே பிழை என உணர்கிறான். மதிப்பு என்பது கனிந்த சொல்லில் இல்லை, எல்லையை அறிவதில் இருக்கிறது என்பதே ஹெமிங்வே காட்டும் உண்மை.

ஜிம் கார்பெட் 1944-இல் வெளியிட்ட குமாவுன் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய நூலில், மகசீர் என்னும் ஆற்றுமீனைப் பற்றிய கட்டுரை ஒன்றும் உண்டு. மீன் கிடைத்தால் மட்டும் போதாது, அது வாழும் சூழலும் இனியதாயிருந்தால்தான் தூண்டிற்காரனின் மகிழ்ச்சி நிறைவுறும் என்பது அவர் கருத்து. சாந்தியாகோவின் மதிப்பு மீனளவில் நிற்க, கார்பெட்டின் மதிப்பு ஆற்றையும் கரையையும் தழுவுகிறது. அவ்வகையில் இச்சிறு கட்டுரை அப்பெருங்கதையினும் ஒருபடி முன்னே செல்கிறது எனலாம்.

நம் நீலகிரியிலும் இத்தகைய மதிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க அங்கே 1879-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பிற்காலத்தில் டிரவுட் மீனை வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கச் செய்து ஓடைகளில் விட்டனர். கட்டுப்பாடு நன்றே. ஆனால் தான் வேட்டையாடுவதற்கென்றே ஓர் உயிரைக் காப்பது, அவ்வுயிரைக் காட்டிலும் தன் பொழுதுபோக்கை மதிப்பதாகும்.

தூண்டிலைத் தொட்டே அறியாத நமக்கு இவற்றால் என்ன என்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நாம் எண்ணிவிடலாகாது. கொரட்டூர் ஏரியில் கலக்கும் கழிவுநீர் பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. தூண்டிற்காரன் கையில் ஒரு மீன் சாகிறது. நஞ்சான நீரில் இனி பிறக்கவேண்டியவையும் சாகின்றன. சாந்தியாகோ தன் மீனை நேருக்கு நேர் கண்டான். அதனால் மன்னிப்புக் கேட்கவும் அவனால் இயன்றது. நாமோ வீட்டுக் கழிவுநீர் சென்று சேரும் இடத்தையே பார்ப்பதில்லை. இக்கதையை மீண்டும் கற்பிக்கும் ஆசிரியர்கள், கிழவனின் வலிமையோடு அவன் கேட்ட மன்னிப்பையும் மாணவர்க்கு எடுத்துரைப்பார்களாக. அருகிலுள்ள ஏரிக்கரைக்கு ஒருமுறை அழைத்துச் சென்றால், அப்பாடம் நன்கு விளங்கும்.