செந்தேள், நார்அட்ரினலின், ஒரு மாத்திரை

தேள் கொட்டியவரைப் பார்க்க வருகிறவர்கள் நம் ஊர்களில் முதலில் கேட்பது, "கடுப்பு எதுவரைக்கும் ஏறியிருக்கு?" என்பதைத்தான். முழங்கை வரை என்றால் ஒரு பயம், தோள் வரை என்றால் கூடுதல் பயம். செந்தேளைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. கடுப்பு மட்டும் உயிர் போகிற மாதிரி இருந்து, வேறு கோளாறு எதுவும் இல்லாதவர் பெரும்பாலும் மறுநாள் எழுந்து நடமாடிவிடுவார். கடுப்பைப் பற்றி அதிகம் சொல்லாமல், வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டுக் கிடக்கிற பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது. அந்தச் சில்லிப்பைத் தேளின் விஷம் நேரடியாக உண்டாக்கவில்லை. பிள்ளையின் சொந்த நரம்பு முனைகளிலிருந்து அளவுமீறிக் கொட்டிய நார்அட்ரினலின் உண்டாக்கியது அது. நார்எபிநெஃப்ரின் என்று சில நூல்கள் சொல்வதும் இதையேதான்.

மணமேல்குடி போன்ற ஊருக்கு இது பாடப்புத்தகத்தோடு முடிகிற சங்கதி அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டுமாவடிக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது ஊர். ஓலைக் கொட்டகை, சீமைக்கருவேல விறகு அடுக்கு, செங்கல் குவியல் என்று தேள் தங்கும் இடங்கள் இந்தப் பக்கத்து வீடுகளை ஒட்டியே இருக்கும். ஊரில் அரசு மருத்துவமனை உண்டு. அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் அறந்தாங்கி. அதற்கும் மேலென்றால் 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி. அந்தப் பயண நேரத்துக்குள் செந்தேள் விஷம் தன் வேலையில் பாதியை முடித்துவிடும். ஆகவே இங்கே தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான்: முதல் ஒரு மணி நேரத்தில் எதைக் கொடுப்பது? பிரசோசின் மாத்திரையா, விஷமுறிவு மருந்தா, இரண்டுமா? கடந்த நாற்பது ஆண்டுச் சான்றுகளை எடைபோட்டால் முடிவு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் எந்தத் தேள் என்பது தெளிவாக வேண்டும். உள்ளங்கை நீளத்துக்குக் கறுகறுவென்று இருக்கும் நட்டுவாக்காலியைக் கண்டால் எல்லோரும் அலறுகிறோம். அது கொட்டினால் வலிக்கும். உயிரை எடுப்பது அரிது. சின்ன உடம்பும் மெல்லிய இடுக்கிகளும் கொண்ட செந்தேள்தான் இந்தியாவில் சாவுக்குக் காரணமாகிற தேள். 1798-இல் ஃபெப்ரீசியஸ் அதற்குத் தமுலஸ் என்று இனப்பெயர் வைத்தார்; பேரினப் பெயர் மாறினாலும் அந்த இனப்பெயர் இன்றும் நிற்கிறது.

இனி நார்அட்ரினலினுக்கு வருவோம். 'மன அழுத்த ஹார்மோன்' என்ற அடைமொழியோடுதான் அது பத்திரிகைகளில் வருகிறது. அந்த அடைமொழி நம்மைத் தப்பான திசைக்கு இழுத்துச் செல்கிறது. காலையில் பாயைவிட்டு எழுந்து நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கி நாம் மயங்கி விழாமல் இருப்பதற்குக் காரணம், பரிவு நரம்புகள் அந்த நொடியிலேயே நார்அட்ரினலினைச் சுரந்து ரத்தக்குழாய்களை இறுக்குவதுதான். இந்த நரம்புகளின் தூதுப்பொருள் இதுவே என்று சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர் 1946-இல் காட்டினார். 1970-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளையில் இதற்குத் தனிக் கிடங்கு உண்டு. மூளைத்தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு திட்டு, சில பத்தாயிரம் செல்கள்தான். அங்கிருந்து கிளம்பும் இழைகள் மூளை முழுக்கப் பரவி விழிப்பையும் கவனத்தையும் பார்த்துக்கொள்கின்றன. கனவு வரும் உறக்கத்தில் அந்தச் செல்கள் ஏறக்குறைய அடங்கிவிடும். ரத்தத்தில் ஓடும் நார்அட்ரினலின், ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி அநேகமாக உள்ளே போவதில்லை. உடம்பின் கணக்கு வேறு, மூளையின் கணக்கு வேறு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில், கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு முதல் தேர்வாக ஏற்றும் மருந்தும் இதே நார்அட்ரினலின்தான். டோபமின் என்ற இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டு 1,679 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. இறப்பு விகிதத்தில் தெளிவான வேறுபாடு இல்லை. இதயத் துடிப்புக் கோளாறு டோபமின் பெற்றவர்களிடம் அதிகம். அங்கே உயிர்காக்கும் பொருள், செந்தேள் கொட்டிய பிள்ளையிடம் உயிரைக் குடிக்கிறது என்றால் வேறுபாடு அளவில் இருக்கிறது.

விஷம் செய்வது என்ன? நரம்பில் செய்தி போக, சோடியம் வாயில்கள் ஒரு கணம் திறந்து மூட வேண்டும். செந்தேள் விஷத்திலுள்ள புரதங்கள் அவற்றை மூடவிடுவதில்லை. வேறு சில, பொட்டாசியம் வாயில்களை அடைத்து நரம்பு ஓய்வுக்குத் திரும்புவதைத் தடுக்கின்றன. மடைப்பலகை இறங்காமல் சிக்கிக்கொண்ட கண்மாயைப் போல, நரம்பு முனைகள் இருப்பையெல்லாம் கொட்டுகின்றன. முதலில் அசிட்டைல்கோலின் பக்கம்: எச்சில், வியர்வை, வாந்தி, ஆண் பிள்ளைகளுக்கு விறைப்பு. அது நெடுநேரம் நிற்காது. அடுத்து வருவது நார்அட்ரினலின், கூடவே சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின். இது மணிக்கணக்கில் நீடிக்கும். தோலின் ரத்தக்குழாய்கள் இறுகுவதால் கை கால் சில்லிடுகிறது. இறுகிய குழாய்களுக்கு எதிராக இதயம் திணறித் திணறித் தள்ளுகிறது, தசையே நைந்துபோகிறது, கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து இளஞ்சிவப்பு நுரை வாய்க்கு வருகிறது. பிள்ளை கிட்டத்தட்ட கடைசி வரை விழிப்போடுதான் இருக்கும். பெற்றவர்களுக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை.

குற்றவாளி நார்அட்ரினலின் வகைதான் என்பது உறுதியா? இஸ்ரேலின் பேர்ஷேபாவில் கெரோன் குழுவினர் 1970-லேயே, கடுமையாகக் கொட்டப்பட்டவர்களின் சிறுநீரில் இந்தப் பொருள்களின் கழிவு கூடியிருந்ததைக் காட்டினார்கள். அட்ரினல் கட்டி உள்ளவர்களுக்கு வரும் நெருக்கடியும் இதே முகத்தோடு வருகிறது. மறுப்பாக வந்ததில் கனமானது மும்பையில் ராதாகிருஷ்ண மூர்த்தி முன்வைத்த கருத்து: நார்அட்ரினலின் வெள்ளத்தால் இன்சுலின் சுரப்பு அடங்கிப்போவதுதான் இதயத்தைக் கெடுக்கிறது, ஆகவே இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்ற வேண்டும். இன்சுலின் அடங்குவது உண்மை. ஆனால் அது அந்த வெள்ளத்தின் ஒரு கிளைதான், ஊற்றுக்கண் அல்ல. மணிக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்து ஏற்ற வேண்டிய சிகிச்சை சின்ன மருத்துவமனைக்குச் சுமையும்கூட.

முன்பெல்லாம் பழக்கத்தில் இருந்தவை ஸ்டீராய்டு, அலர்ஜி ஊசி, அட்ரோபின், டிஜாக்சின், பெத்திடின் சேர்ந்த கலவை. ஒவ்வாமை இல்லாத இடத்தில் அலர்ஜி மருந்துக்கு என்ன வேலை? அட்ரோபின் வியர்வையை நிறுத்தும். ஏற்கெனவே ஓடுகிற இதயத்தை இன்னும் விரட்டும். பீட்டா தடுப்பான் மட்டும் தனியே கொடுத்தால் ரத்தக்குழாய் இறுக்கம் அப்படியே நிற்க, இதயத்தின் கை மட்டும் கட்டப்படும். இவை எல்லாமே நோயின் காரணத்தை விட்டுவிட்டு அறிகுறிகளைத் துரத்தியவை.

மராட்டிய மாநிலம் மகாட்டில், கொங்கண் கிராமங்களுக்கு நடுவே, மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1976 முதல் இந்த நோயாளிகளின் படுக்கை பக்கத்திலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். அவர் கையிலெடுத்த பிரசோசின், ரத்தக்கொதிப்புக்கான மாத்திரை. நார்அட்ரினலின் குழாய்களை இறுக்கப் பயன்படுத்தும் ஆல்ஃபா-1 ஏற்பியை அது அடைக்கும். ஆல்ஃபா-2-ஐத் தொடாததால், நரம்பு முனையின் தன்னடக்கம் கெடாமல் இருக்கும். பழைய ஆல்ஃபா தடுப்பான்களைவிட இது மேல் என்பதற்குக் காரணம் இதுவே. அவரும் துணைவியார் பிரமோதினியும் 1986-இல் லான்செட் இதழில் இந்தச் சிகிச்சையை அறிவித்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது என்பது அவர்கள் வெளியிட்ட கணக்கு. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தக் கணக்கை அப்படியே விழுங்கக் கூடாது. முந்தைய காலத்து நோயாளிகளோடு பிந்தைய காலத்தவரை ஒப்பிட்டது அது. சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல. இடைப்பட்ட ஆண்டுகளில் சாலையும் வண்டியும் மேம்பட்டன, ஜனங்களும் சீக்கிரம் வரத் தொடங்கினார்கள். பிரசோசின் இன்சுலினையும் மீட்கிறது என்று சொல்லப்படுவதும் எனக்குப் பலவீனமாகப் படுகிறது. இன்சுலினைத் தடுப்பது பெரும்பாலும் ஆல்ஃபா-2 ஏற்பி, அதை இந்த மாத்திரை தொடுவதில்லை. இத்தனையும் கழித்த பிறகும் மிஞ்சுவது பெரியது. வண்டி வசதி மட்டுமே முப்பதை ஒன்றாக்கிவிடாது. இயங்குமுறையும் பலனும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன: மாத்திரை கொடுத்த சில மணி நேரத்தில் சில்லிட்ட கால் கதகதப்பாவதைக் கையால் தொட்டே பார்க்கலாம்.

விஷமுறிவு மருந்தின் நிலை என்ன? மும்பையின் ஹாஃப்கைன் நிறுவனம் செந்தேளுக்கென்றே தயாரிக்கிறது. உலகச் சான்றுகள் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தெரியும். துனீசியாவில் 825 பேரிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில் பலனே இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் 15 குழந்தைகளிடம் நடந்து 2009-இல் வந்த ஆய்வில், மருந்து பெற்ற எட்டுப் பேரும் நான்கு மணி நேரத்தில் தெளிந்தார்கள். பெறாத ஏழு பேரில் ஒருவர்தான். துனீசியாவில் லேசான கொட்டு உட்பட எல்லோருக்கும் வழக்கமாகப் போட்டார்கள், அரிசோனாவில் கடுமையானவர்களுக்கு மட்டும். தேள் இனங்களும் வேறு. நமக்குப் பொருந்துவது நம் தேளின் ஆய்வுதான். மகாட்டில் 70 பேரிடம் நடந்து 2011-இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது அது: பத்து மணி நேரத்துக்குள் முழுதாகத் தெளிந்தவர்கள், இரண்டும் பெற்ற 35 பேரில் 32, பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் 8. புதுச்சேரி ஜிப்மரில் குழந்தைகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது.

பார்த்தால் விஷமுறிவு மருந்துக்குப் பெரிய வெற்றி. ஆனால் எதை அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அளந்தது தெளிகிற வேகத்தை; சாவை அல்ல. மகாட் ஆய்வில் யாருக்கு என்ன மருந்து என்பது மருத்துவருக்கும் தெரியும். அடிப்படையான ஒரு வரம்பும் உண்டு. விஷமுறிவு மருந்து விஷத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே கொட்டிவிட்ட நார்அட்ரினலினைப் பிடிக்காது. வாந்தி தொடங்கியதும் வந்து சேர்ந்தவருக்கு அது வரம். நுரையீரலில் நீர் கோத்த பிறகு வருபவருக்கு அதனால் ஆவது குறைவு; அங்கே இதயத்துக்கு வலுவூட்டும் டோபுடமின், ஆக்சிஜன், சுவாசக் கருவி என்று களமே மாறிவிடும்.

பிரசோசினைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், அளவுக்கு மீறி நம்பாமல் இருக்க. அது மூளைக்குள்ளும் நுழையும். போர் முனையில் மனம் காயப்பட்டவர்களின் கெட்ட கனவுகளை இது குறைக்கும் என்று சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 304 அமெரிக்க முன்னாள் வீரர்களிடம் ரஸ்கிண்ட் குழு நடத்தி 2018-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் இந்தக் கடற்கரையைப் புரட்டிப்போட்டது. காற்றுச் சத்தம் கேட்டாலே தூக்கம் கலைகிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அவர்களுக்கு 'நார்அட்ரினலினை அடைத்தால் சரியாகிவிடும்' என்று சொல்ல இந்தச் சான்று இடம் தரவில்லை. உடம்பில் ஒரே ஊற்று, ஒரே வெள்ளம், ஓர் அடைப்பு போதும். மூளையின் பயம் ஒரு வேதிப்பொருளால் மட்டும் ஆனதல்ல.

என் முடிவு இது. செந்தேள் கொட்டி வியர்வை, வாந்தி, சில்லிப்பு தோன்றியவருக்கு முதல் மருந்து பிரசோசின். அறந்தாங்கிக்கு அனுப்புவதற்கு முன்னால், மணமேல்குடியிலேயே, மருத்துவர் கையால் கொடுக்கப்பட வேண்டும். விஷமுறிவு மருந்து இருந்தால் கூடவே போட வேண்டும். இல்லையென்றால் அதற்காக மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. வெறும் கடுப்பு மட்டும் உள்ளவருக்கு இரண்டுமே தேவையில்லை. வலிக்கு மருந்தும் சில மணி நேரக் கண்காணிப்பும் போதும். ஸ்டீராய்டும் அட்ரோபினும் இந்தச் சிகிச்சையிலிருந்து விலக வேண்டும்.

மருந்து அலமாரியில் இருக்க வேண்டியது உடைத்துக் கொடுக்கக்கூடிய சாதாரண பிரசோசின் மாத்திரை. மெதுவாகக் கரையும் வகையை உடைக்க முடியாது, முழுசாகக் கொடுத்தாலும் அவசரத்துக்கு உதவாது. மாத்திரை கொடுத்த பிள்ளையைத் தூக்கித் தோளில் போடக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்துவிடும், படுக்கவைத்தே வைத்திருக்க வேண்டும். பதறிப்போன தாய் முதலில் செய்வது தூக்கி அணைப்பதைத்தான். செவிலியர் அதைப் பக்குவமாகச் சொல்லித் தடுக்க வேண்டும். வீட்டில் மாத்திரை வாங்கி வைத்துத் தாங்களாகக் கொடுப்பதும் ஆபத்து.

மணமேல்குடி, கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம் பக்கத்து வாசகர்கள் அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, இந்த மாத்திரை இருப்பில் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். தேள் கொட்டிய வீட்டுக்குப் போனால், கடுப்பு எதுவரை என்று கேட்பதற்கு முன் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டிருந்தால் மந்திரிக்கக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.