கடைசி வரிசைக்கும் மரியாதை

ஏழு பேர் போகும் சொகுசு எஸ்யூவியை எடைபோட, முதலில் கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். பல வண்டிகளின் பவிசு அங்கேதான் முழங்காலில் இடிக்கும்.

ஸ்வீடனின் வோல்வோ 2014-இல் அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறை எக்ஸ்சி90 அந்தச் சோதனையில் தேறுகிறது. அதன் கடைசி வரிசை 170 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ளவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. நடுவரிசையின் மூன்று இருக்கைகளும் தனித்தனியே நகரும். முன்னால் இருப்பவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பின்னால் கால் நீட்டலாம்.

எல்லாவற்றிலும் அழகு, நடு இருக்கை. மெத்தையின் ஒரு பகுதியைத் தூக்கி நிறுத்தினால் குழந்தைக்கு உயரமான ஆசனம் தயார். பெல்ட் கழுத்தை உரசாமல் தோளில் சரியாகப் படியும். 1959-இல் மும்முனை சீட் பெல்ட்டைத் தந்த நிறுவனமாயிற்றே!

ஏழு இருக்கையும் நிரம்பினால் மட்டும் டிக்கி சுருங்கிவிடும். பெரிய பெட்டிகளுக்குக் கூரைதான் கதி.