ரெம்பிராண்ட்டின் நிலக்காட்சி அச்சோவியங்கள்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) எட்சிங் எனப்படும் அமில அரிப்பு முறையில் ஏறத்தாழ 300 அச்சோவியங்களை உருவாக்கினார். அவற்றில் நிலக்காட்சிகள் இருபத்தைந்தை ஒட்டியவையே. 1640 முதல் 1650களின் தொடக்கம் வரை உருவான இவற்றில் பெரும்பாலானவை ஆம்ஸ்டர்டாம் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் காட்டுகின்றன.

செய்முறை

மெழுகு கலந்த பூச்சிட்ட செப்புத் தகட்டில் ஊசியால் வரைந்து, தகட்டை அமிலத்தில் இடுவார்கள். பூச்சு நீங்கிய கோடுகளை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளில் அழுத்தி அச்செடுப்பார்கள். பூச்சின் மீது ஊசி, தாளில் பேனா ஓடுவதுபோல் எளிதாக ஓடும். ஆனால் அரித்த கோட்டை அழிப்பது கடினம். அச்சில் படம் இடவலமாக மாறும். ரெம்பிராண்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. 'ஆம்ஸ்டர்டாம் காட்சி'யில் நகரின் கோபுரங்கள் இடவலம் மாறியே நிற்கின்றன.

இரு படைப்புகள்

இவற்றில் மிகவும் புகழ்பெற்றது 'மூன்று மரங்கள்' (1643). இடப்பக்கம் மழை சாய்கோடுகளாக இறங்குகிறது. வலப்பக்க மேட்டில் மூன்று மரங்கள் இருண்டு நிற்கின்றன. இதில் மூன்று சிலுவைகளைக் கண்டவர்கள் உண்டு. 1642இல் இறந்த மனைவி சாஸ்கியாவின் துயரத்தைக் கண்டவர்களும் உண்டு.

'சிக்ஸின் பாலம்' (1645) இதற்கு நேர்மாறானது. ஒரு மரப்பாலம், அதில் இருவர், மெலிந்த இரு மரங்கள், தொலைவில் ஒரு கோபுரம். வானத்தில் ஒரு கோடுகூட இல்லை. வேலைக்காரர் கடுகு வாங்கி வருவதற்குள் ரெம்பிராண்ட் இதை வரைந்துமுடித்தார் என்ற கதை 18ஆம் நூற்றாண்டில் பரவியது.

மதிப்பீடு

'மூன்று மரங்க'ளின் ஆற்றல் மறுக்க முடியாதது. எனினும் அதன் ஒளியும் இருளும் ரெம்பிராண்ட்டின் விவிலியக் காட்சிகளிலிருந்து வந்தவை. அங்கே நிலம் ஒரு நாடகத்தின் மேடையாகிறது. ஹாலந்தின் நிலமோ மலையும் அருவியும் அற்ற சமவெளி. தாழ்ந்த தொடுவானமும் அகன்ற வானமுமே அதன் இயல்பு. அந்த இயல்பை 'சிக்ஸின் பாலம்' எதையும் சேர்க்காமல் காட்டுகிறது. அதன் வெற்றுத்தாளே வானமாகிறது. கடுகுக் கதை அவரது வேகத்தைப் புகழ்கிறது. உண்மையில் வியக்கத்தக்கது எங்கே நிறுத்துவது என்ற தெளிவே.

'மூன்று மரங்க'ளின் மேட்டில் ஓர் ஓவியர் மிகச் சிறியதாக அமர்ந்திருக்கிறார். அவர் மரங்களையோ மழையையோ பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே விரியும் சாதாரண வயல்வெளியை நோக்கித் திரும்பியிருக்கிறார். ரெம்பிராண்ட்டின் சிறந்த நிலக்காட்சிகள் அந்தத் திசையிலேயே பிறந்தன.