விளக்கை எண்ணுபவர் யார்? புகார்க் கரையின் மூன்று திருவிழாக்கள்

புகார் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது இந்திர விழாதான். இருபத்தெட்டு நாள் கொண்டாட்டம், யானை மேல் முரசு, தெருவெல்லாம் தோரணம், பட்டிமண்டபம். பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து மேடைப்பேச்சு வரைக்கும் இதே படம்தான். ஆனால் அதே கரையில் இன்னொரு திருவிழாவும் நடந்திருக்கிறது. அதற்கு முரசு கிடையாது, அரசன் கிடையாது, ஒரு பெயர்கூடக் கிடையாது. பட்டினப்பாலையில் சில அடிகளில் வந்துவிட்டுப் போய்விடும். ஒரு கடலோர ஊரின் திருவிழாவை எழுதியதில் இந்தச் சில அடிகளுக்குத்தான் முதலிடம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் இண்டூர்க்காரன். எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. பாண்டிச்சேரிக் கரைக்குப் போகணும்னாலே சாலை வழியில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். எங்களுக்குத் தண்ணீர்த் திருவிழான்னா ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு. ஆனால் ஆடி பதினெட்டுக்கு நாங்கள் முழுக்குப் போடுகிற அதே காவிரிதான் கடைசியில் புகாரில் கடலைச் சேர்கிறது. ஆற்றின் மேல்முனையில் இருக்கிறவன் கீழ்முனையில் என்ன நடந்தது என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

நம்மிடம் இருப்பவை மூன்று எழுத்துகள். மூன்றையும் அச்சில் நமக்குக் கொடுத்தவர் உ.வே.சாமிநாதையர். பட்டினப்பாலை அடங்கிய பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், மணிமேகலை 1898-இல் வந்தன. மூன்றும் ஒரே கரையைப் பேசுகின்றன. ஆனால் மூன்றும் நின்று பார்க்கிற இடம் வேறு வேறு.

முரசு அறைபவனின் பக்கம்

மணிமேகலை தொடங்குவதே விழாவறை காதையில்தான். தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் இந்திரனிடம் கேட்டு வாங்கிய இருபத்தெட்டு நாள் அது. முரசறைபவன் ஊருக்கு வேலைகளை வரிசையாகச் சொல்கிறான். பூரண கும்பம் வையுங்கள். வாழையும் கரும்பும் நடுங்கள். தெருவிலும் மன்றத்திலும் பழைய மணலை அள்ளிவிட்டுப் புது மணல் போடுங்கள். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறிப் பேசட்டும். பகையாளியே எதிரில் வந்தாலும் சண்டை போடாமல் விலகிப் போங்கள்.

இதைப் படிக்கும்போது எங்கள் பக்கத்துத் திருவிழாச் சாட்டுதல்தான் நினைவுக்கு வரும். பதினெட்டு நாள் பாரதம் நடத்துகிற ஊர்களில் காப்புக் கட்டியாச்சுன்னா வெளியூரில் இராத் தங்கக் கூடாது, ஊருக்குள் தகராறு கூடாது. விழா என்பது ஊரின் வருஷாந்திரப் பராமரிப்பு. மணலை மாற்றுவது, சண்டையை ஒத்திவைப்பது, எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்ப்பது. மணிமேகலை இதை அழகாகப் புரிந்துவைத்திருக்கிறது. அடுத்த காதையே ஊரலர் உரைத்த காதை. கோவலன் இறந்த துக்கத்தில் மாதவி விழாவுக்கு வரவில்லை, ஊர் அதைப் பேசுகிறது. வந்தவர்களை விட வராதவர்களைத்தான் திருவிழா அதிகம் கவனிக்கும். கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும்.

ஆனால் இது முழுக்க ஆணையின் மொழி. மணலை மாற்றச் சொல்கிறான், யார் சுமந்தார்கள் என்பது இல்லை. அப்புறம் அந்த முடிவு. பீலிவளை பெற்ற பிள்ளையைக் கம்பளச் செட்டி கப்பலில் ஏற்றிவருகிறான், கப்பல் உடைகிறது. பிள்ளையைத் தேடும் துயரத்தில் அரசன் விழாவை மறக்கிறான், கடல் வந்து ஊரைக் கொள்கிறது. அரசன் என்ன ஆனான் என்று காவியம் சொல்கிறது. அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் வஞ்சிக்குப் போனதைச் சொல்கிறது. கடல் வந்தால் முதலில் யார் வீட்டுக்கு வரும்? கரையில் குடிசை போட்டிருந்தவர்கள் வீட்டுக்கு. அவர்கள் எங்கே போனார்கள் என்று இந்தக் கதை நமக்குச் சொல்வதில்லை.

கரையில் நடந்து போகிறவனின் பக்கம்

சிலம்பு இதைவிடத் தாராளமானது. இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்தின் தொழில்களை எல்லாம் இளங்கோ வரிசைப்படுத்துகிறார். மீன் விற்பவர், உப்பு விற்பவர், நெய்பவர், கொல்லர், யவனர் எல்லோருக்கும் இடம் உண்டு. விழா யாருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்று தெரிந்த கவிஞர்.

அடுத்து வருகிற கடலாடு காதையில் ஓர் இடம். விழா முடிந்து, விடியலுக்கு முன்னால், கோவலன் கோவேறு கழுதையிலும் மாதவி வண்டியிலுமாகக் கடற்கரைக்குப் போகிறார்கள். வழியெல்லாம் விளக்கு. சாந்தும் பூவும் பலகாரமும் விற்பவர் விளக்கு, கம்மியர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, கடை வைத்திருக்கும் பெண்களின் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, கலங்கரை விளக்கம், கடலில் பரதவரின் திமில் விளக்கு, வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு. எண்ணிப் பாருங்கள், பத்து. மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் கண்டுபிடிக்கலாம் என்கிற அளவுக்கு வெளிச்சம்.

இதைச் சும்மா வர்ணனை என்று தாண்டிப் போகிறோம். எனக்கு இது வருகைப் பதிவேடு மாதிரித் தெரிகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஓர் ஆள் விழித்திருக்கிறார், வேலை செய்கிறார். ஊருக்குத் திருவிழா, இந்தப் பத்துப் பேருக்கும் பணி நேரம். பிட்டுக்காரருக்கும் மீன்காரருக்கும் விழா நாள்தான் நல்ல வியாபாரம்.

இவ்வளவு நுணுக்கமான பார்வையிலும் ஒரு குறை உண்டு. பார்ப்பவன் கரையில் போகிறான், பரதவரின் விளக்கு தூரத்தில் ஓர் ஒளிப்புள்ளி. அதற்கப்புறம் வரும் கானல்வரியில் கோவலனும் மாதவியும் யாழை எடுத்துப் பாடும்போது நெய்தல் நிலத்துப் பெண்ணின் குரலைக் கடன் வாங்குகிறார்கள். அதை வைத்தே ஊடி, பிரிந்தும் போகிறார்கள். பாட்டில் பரதவப் பெண் நிறைந்திருக்கிறாள். கரையில் இருந்த நிஜமான பெண் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தமிழின் மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று கானல்வரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது மீனவரின் திருவிழா கிடையாது. மீனவர் கரைக்கு வந்துபோன விருந்தாளிகளின் சண்டை.

படகில் இருப்பவனின் பக்கம்

இப்போது பட்டினப்பாலை. 301 அடிகள், எழுதியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாட்டுடைத் தலைவன் கரிகாலன். அரசனைப் புகழ எழுதிய பாட்டுதான். ஆனால் நடுவில் கவிஞர் கரைக்கு இறங்கிவிடுகிறார்.

முதலில் வீடு. தாழ்ந்த கூரை, வாசலில் வெண்மணல், அதில் காயும் வலை. நிலா வெளிச்சத்துக்குள் இருட்டுப் புகுந்த மாதிரி இருக்கிறதாம். வலை காய்கிறது என்றால் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஏன்னா அன்றைக்குப் பௌர்ணமி. பௌர்ணமிக்குத் தொழில் ஓய்வு. வாசலில் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றிக் கும்பிடுகிறார்கள். சுறாவுக்கு ஏது கொம்பு? ரம்பம் போன்ற நீண்ட மூக்கோடு வரும் வேளா மீனைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டால் பொருந்துகிறது. வலைக்கு எமன் அது. எது வலையைக் கிழிக்குமோ அதையே நட்டுக் கும்பிடுவது மீனவரின் தர்க்கம். அந்த வேளா மீன் இனங்களை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கும் அளவுக்கு அருகிப் போனது தனிக்கதை.

பூசை முடிந்ததும் தாழம்பூ சூடிக்கொண்டு, கள் குடித்து, பெண்டுகளோடு தண்ணீருக்குப் போகிறார்கள். கெட்டது கழியக் கடலில் ஒரு முழுக்கு. உடம்பில் ஒட்டிய உப்புப் போக ஆற்றில் ஒரு முழுக்கு. நண்டைத் துரத்துகிறார்கள், அலையில் விளையாடுகிறார்கள், மணலில் பொம்மை செய்கிறார்கள். அவ்வளவுதான் திருவிழா. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் ஆணையிடவில்லை. நிலா முழுசாக வந்தது, விழா வந்தது.

அதற்குப் பின் வருகிற இடம்தான் என்னை நிறுத்தியது. ராத்திரி, வளைந்த திமிலில் இருக்கும் பரதவர் கரைப்பக்கம் திரும்பி, உயர்ந்த மாடங்களில் எரிகிற விளக்குகளை எண்ணுகிறார்கள். சிலம்பில் கரையிலிருப்பவன் கண்ணுக்குப் படகு விளக்கு ஒரு புள்ளி. இங்கே படகிலிருப்பவன் கண்ணுக்கு நகரத்தின் மாடங்கள்தான் புள்ளிகள். ஒரே கரை, ஒரே விளக்குகள், பார்வையின் திசை மட்டும் திரும்பிவிட்டது. இந்த ஒரு திருப்பத்துக்காகவே பட்டினப்பாலைக்கு முதலிடம் கொடுப்பேன்.

பௌர்ணமி யாருடையது?

இங்கே என் ஊகம் ஒன்று. சிலம்பின் இந்திர விழாவும் சித்திரை மாதத்துச் சித்திரை நட்சத்திரம் கூடிய முழுநிலவில் தொடங்குகிறது. பரதவரின் ஓய்வு நாளும் முழுநிலவு. நல்ல நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டுகொள்ளும், விளக்கைக் காட்டிக் கூட்டுவதும் பலிக்காது. ஆகவே கரையில் ஆள் இருக்கும் நாள் அது. ஊர்த் திருவிழா வைக்கிற யாரும் ஆள் இருக்கிற நாளில்தான் வைப்பார்கள். மீனவர் ஓய்வு நாளின் மேல்தான் அரச விழா வந்து உட்கார்ந்ததோ என்று தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது. ஆனால் இன்றைக்கும் நடக்கிற மாசி மகத்தைப் பாருங்கள், அதுவும் பௌர்ணமியை ஒட்டித்தான் வருகிறது.

காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்துக்கு மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் வருகிறார். பெருமாள் மணந்த பத்மினி நாச்சியார் மீனவர் வீட்டுப் பெண் என்பது ஐதீகம். அதனால் கரையில் மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று அழைத்து வரவேற்கிறார்கள். மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு, ஆனால் வீடு மாமனாருடையது. யார் யார் இடத்துக்கு வருகிறார்கள் என்பதில் அங்கே குழப்பமே இல்லை. அதே மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடாரம் போட்டுத் தங்கிக் கன்னியம்மாளைக் கும்பிடுகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள், முடிக்கிறார்கள். எந்தக் காவியமும் அவர்களுக்கு முரசு அறைந்ததில்லை. நிலாவே போதுமானதாக இருக்கிறது.

இது ஏன் முக்கியம்?

2004 டிசம்பர் 26. அன்றும் பௌர்ணமிதான். ஆழிப்பேரலைக்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லை, சுமத்ரா அருகே கடலடியில் நடந்த பூகம்பம்தான் காரணம். பூம்புகார் அப்போது இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள், பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். அதற்கப்புறம் மணிமேகலையின் கடல்கோள் கதையை எடுத்துக்காட்டாத பேச்சே இல்லை. பழைய பேரலை ஒன்றின் ஞாபகமாக அது இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் விழாவை மறந்ததால் கடல் வந்தது என்ற வாக்கியத்தை அப்படியே எடுத்து வைக்கும்போது, செத்துப்போனவர்கள் ஏதோ கடமை தவறியவர்கள் மாதிரி ஒரு நிழல் விழுகிறது. மூலத்தில் மறந்தவன் அரசன். கேள்வி கேட்கணும்னா, தெரிந்திருக்க வேண்டியதை மறந்த ஆட்சியைத்தான் கேட்கணும். மணிமேகலையை அப்படிப் படித்தால் அது இன்றைக்கும் கூர்மையான நூல்.

பூம்புகாரில் 1973-இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுநிலை மாடமாக நிற்கிறது, சுவரெல்லாம் கண்ணகி கதை. நல்ல விஷயம்தான். வெளியூரிலிருந்து போகிற நாம் மாடத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். திருவிழா பற்றி எழுதுகிற நம்முடைய பத்திரிகைக் கட்டுரைகளும் இதே மாதிரிதான். கூட்டம், வாணவேடிக்கை, சப்பரம், எத்தனை லட்சம் பேர். எல்லாம் கரையிலிருந்து எடுத்த படம். வரி எவ்வளவு போட்டார்கள், எத்தனை நாள் தொழில் நின்றது, வலை எங்கே காய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. இப்போது கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். சித்திரைப் பௌர்ணமி பெரும்பாலும் அதற்குள் வருகிறது. நிலா கொடுத்த ஓய்வு போய், அரசாணை கொடுக்கும் ஓய்வு வந்திருக்கிறது. இந்த மாற்றத்துக்குள் அந்த ஊர்களின் திருவிழா என்ன ஆகிறது என்று எழுத ஒரு உருத்திரங்கண்ணனார் வேண்டியிருக்கிறது.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு கடலோரத் திருவிழாவைப் பற்றிப் படித்தாலோ, நீங்களே எழுதினாலோ, முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: இதில் விளக்கை எண்ணுகிறவர் எங்கே நிற்கிறார்? கரையிலா, படகிலா?