ஆறு நாட்களும் அரியலூர்ப் பாறைகளும்

ஜீயபுரத்தில் வயலை வெட்டினால் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலும் வரும். புவியியல் கணக்கில் அது நேற்றைய மண். அங்கிருந்து திருச்சியைக் கடந்து வடகிழக்கே ஊட்டத்தூர், காரை, சாத்தனூர்ப் பக்கம் சென்றால், ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடலடிச் சேறு பாறையாகிக் கிடப்பதைக் காணலாம். அதில் சுருள் ஓடுகொண்ட அம்மோனைட்டுகள் உண்டு. சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. இந்தப் பாறைகளையும் விவிலியத்தின் ஆதியாகமத்தையும் ஒரே மாணவன் படிக்க நேர்ந்தால் என்ன செய்வான்?

அவனுக்குப் பலரும் கூறும் எளிய வழி ஒன்று உண்டு. ‘நாள்’ என்பது 24 மணி நேரமன்று, அது ஒரு நெடிய யுகம் என்பதே அது. இவ்வாதத்தைத் திறம்பட எழுதியவர் ஸ்காட்லாந்தின் ஹியூ மில்லர். கல்தச்சராயிருந்து புவியியல் அறிஞராக உயர்ந்தவர். ‘பாறைகளின் சாட்சியம்’ என்னும் பொருள்படும் அவரது நூல் 1857இல் வெளிவந்தது. மூன்றாம் நாள் நிலக்கரி யுகம், ஐந்தாம் நாள் பேரூர்வனவற்றின் யுகம், ஆறாம் நாள் பாலூட்டிகளின் யுகம் என்று அவர் பொருத்திக் காட்டினார்.

நேர்மையான மனிதர், படிக்கச் சுவையான நூல். ஆனால் பொருத்தம் நிற்கவில்லை. ஆதியாகமத்தில் கனிதரும் மரங்கள் மூன்றாம் நாளிலும், மீன்கள் ஐந்தாம் நாளிலும் வருகின்றன. மில்லருக்குப் புகழ் தேடித் தந்தவையோ நிலக்கரிக்கு முந்திய செம்மணற்பாறையில் அவர் கண்ட மீன்களே! அந்தந்த யுகத்தில் மேலோங்கிய உயிர்களையே வேதம் குறிக்கிறது என்பது அவருடைய சமாதானம். மீன்கள் தோன்றி 45 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. பூத்துக் காய்க்கும் தாவரங்களோ நம் அரியலூர்க் கடல் அலைவீசிய கிரிடேசியஸ் காலத்தில்தான் பெருகின. சாத்தனூர் மரமும் பூவாத இனத்தைச் சேர்ந்ததே. பறவைகளும் அப்படித்தான்: நூலில் அவை நிலவிலங்குகளுக்கு முன்னே, பாறையில் பின்னே.

நான்காம் நாளில் வரும் சூரியனுக்கு, அது முன்பே இருந்தது, மேகம் விலகியதால் அன்று தெரிந்தது என்றார் மில்லர். இப்படி ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு சமாதானம் தேடினால், கடைசியில் மிஞ்சுவது வேதமுமன்று, அறிவியலுமன்று.

நோவாவின் வெள்ளமே கிளிஞ்சல்களை நிலத்துக்குக் கொண்டுவந்தது என்பாரும் உளர். 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்டு இவ்வட்டாரத்தை ஆய்ந்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று பாறைத் தொகுதிகளாகப் பிரித்தார். முதல் தொகுதி அரிக்கப்பட்ட பின்னரே அதன்மேல் இரண்டாவது படிந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உயிரினங்கள். ஒரே வெள்ளம் இப்படி வகைபிரித்து அடுக்குமா?

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ள ‘ஆகாயவிரிவு’ என்ற சொல்லில் இன்றைய விரியும் பிரபஞ்சத்தைக் காண ஆசை எழலாம். அதன் எபிரேய மூலச்சொல் ‘ராக்கியா’, உலோகத்தைத் தகடாக அடித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. மேலேயுள்ள நீரைத் தாங்கும் கூரையாக வானத்தைக் கண்ட பண்டைய உலகின் சொல் அது. மொழிபெயர்ப்பைக் கொண்டு வானியல் நடத்தக் கூடாது.

அப்படியானால் மாணவன் ஒன்றைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்கு அந்த மதத்திற்குள்ளேயே பழைய சான்று உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், ஆறு நாட்களைச் சாதாரண நாட்களாகக் கொள்ளத் தேவையில்லை என்றார். வானம், விலங்கு பற்றிக் கிறிஸ்தவர்கள் அறியாமல் பேசி வேதத்தை நகைப்புக்கு உள்ளாக்கலாகாது என்றும் கண்டித்தார். (உலகம் தோன்றியது கி.மு. 4004 என்பது விவிலிய வாசகமன்று. 1650இல் பேராயர் அஷர் போட்ட கூட்டல் கணக்கு.) சூரியனையும் சந்திரனையும் தெய்வமாக வணங்கிய நாடுகளின் நடுவே, அவை வெறும் விளக்குகள் என்று சொன்ன நூல் அது. அதைச் சொல்லவே ஆறு நாட்கள் என்ற சட்டம் அமைந்தது என்று கொண்டால், பாறைக்கும் அதற்கும் வழக்கே இல்லை.

பெருவெடிப்புக் கொள்கைக்கு அடிகோலிய லெமைத்தர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அக்கொள்கையைப் படைப்புக்கு ஆதாரமாகக் காட்டிப் பேசியபோது, லெமைத்தர் அதை விரும்பவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விக்கு அப்பாற்பட்டது என்பதே அவர் நிலை. திருச்சி மலைக்கோட்டைக்கு அருகே தூய வளனார் கல்லூரியில், இயேசு சபைத் துறவி கே.எம். மாத்யூ தமிழகத்துச் செடிகளைச் சேகரித்து ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை வளர்த்தார். அங்கே செடிகள் குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற வரிசையில் வைக்கப்பட்டுள்ளன; ‘மூன்றாம் நாள்’ என்று ஓர் அலமாரி இல்லை.